புதுத் தொட்டிக்குள் இறந்தவர் யார் கணக்கு?

ஒரு புது வீடு. தரைக்குக் கீழே கழிவுநீர்த் தொட்டி கட்டி, மேலே காங்கிரீட் மூடி போட்டாகிவிட்டது. அந்த மூடியைத் தாங்குவதற்காக உள்ளே முட்டுக்கட்டைகளும் பலகைகளும் அடித்திருப்பார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அந்த சென்ட்ரிங்கைப் பிரிக்க வேண்டும். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விட்ட சதுர ஓட்டை வழியாக ஒருவர் இறங்குகிறார். அந்தத் தொட்டியில் இன்னும் ஒரு சொட்டு மலநீர்கூட விழவில்லை. ஆனால் மழைத் தண்ணீரோ மூடிக்கு ஊற்றிய தண்ணீரோ கசிந்து உள்ளே தேங்கியிருக்கும். பலகை அதில் ஊறி அழுகிக் கிடக்கும். மூடிய இடத்தில் மரம் அழுகினால் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் குறைந்துபோகும். இறங்கியவர் பேச்சுமூச்சில்லாமல் விழுகிறார். மேலே நிற்பவர் என்ன ஆச்சோ என்று பதறி இறங்குகிறார். அவரைத் தூக்க மூன்றாமவர். மறுநாள் செய்தித்தாளில் ‘விஷவாயு தாக்கி பலி’ என்று நாலு வரி வரும்.

தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் இது புதிய செய்தி அல்ல. நான் கேட்பது ஒன்றுதான். இந்தச் சாவு எந்தக் கணக்கில் ஏறுகிறது?

மலக்குழி மரணக் கணக்கில் ஏறாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசுகிறது. இவர் சுத்தம் செய்யவில்லை, பலகை பிரித்தார். மலக்குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014இலும், அதை 30 லட்சமாக உயர்த்து என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘இங்கே கழிவே இல்லையே’ என்ற ஒரே வரியில் அந்தக் கதவை மூடிவிடலாம். சரி, இது கட்டட வேலைதானே, கட்டடத் தொழிலாளர் சட்டத்தில் வருமா? அங்கேயும் வராது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1996இல் வந்த கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டத்துக்கு 30 வயது ஆகிறது. இந்தியக் கட்டுமானத் துறையைச் சீர்திருத்த நாடு தழுவிய அளவில் எடுக்கப்பட்ட ஆகப் பெரிய முயற்சி அதுதான். இப்போது அதைக் கரைத்து, 2020இன் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் ஊற்றிவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் தொகுப்புகள் நடைமுறையில் இருப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது. பழையதை மூட்டை கட்டும் நேரத்தில் கணக்குப் பார்ப்பது முறை. யார் கணக்குப் பார்க்கிறார்கள், எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

முதலில் ஒரு விஷயம். இந்தச் சட்டம் யாரும் போட்ட பிச்சை அல்ல. 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மைதானங்களும் மேம்பாலங்களும் கட்டியபோது, ஒரு நாள் குறைந்தபட்சக் கூலியான 9 ரூபாய் 25 காசில் 1 ரூபாயை ஜமேதார் கமிஷனாக எடுத்துக்கொண்டான். உச்ச நீதிமன்றத்துக்குப் போன அந்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு, அரசமைப்பின் 23ஆம் பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது. சட்டம் படிக்கும் தோழர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். 1980களின் நடுவில், நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யர் தலைமையில் கட்டுமானத் தொழிலாளருக்கு மத்தியச் சட்டம் கேட்கும் தேசியப் பிரச்சாரக் குழு உருவானது. கையெழுத்து வாங்கி நாடாளுமன்றத்தின் மனுக்குழு வரை போனார்கள். தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர்கள் அதற்கும் முன்பே தெருவில் இறங்கியிருந்தார்கள். 1982இன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் 1994இன் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் மத்தியச் சட்டத்துக்கு முன்னால் வந்தவை. ஊர்வலத்தில் கொடி பிடித்தவர்களில் பாதிப்பேர் எங்கள் காலனிகளிலிருந்து போன பெண்கள். அந்த வரலாற்றை எழுதியவர்கள் கொடியைப் பற்றி எழுதினார்கள். காலனியைப் பற்றி எழுதியவர் குறைவு.

1996 சட்டத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று பாதுகாப்பு: சாரம், பள்ளம், கிரேன், மின்சாரம், குடிநீர், கழிப்பறை, குழந்தைகளுக்குக் காப்பகம். இன்னொன்று நலநிதி: கட்டுமானச் செலவில் 1 சதவீதம் செஸ் வாங்கி, வாரியம் வைத்து, பதிவு செய்த தொழிலாளிக்கு உதவி கொடுப்பது. 30 ஆண்டுகளில் ஒரு கால் மட்டும் வீங்கியது. மற்றது சூம்பிப்போனது.

நாடாளுமன்றத்தில் இந்தச் சட்டத்தின் முன்னேற்றம் பற்றிக் கேள்வி வரும்போதெல்லாம் அமைச்சகம் ஓர் அட்டவணை கொடுக்கும். மாநிலத்தின் பெயர், பதிவு செய்தவர் எண்ணிக்கை, வசூலான செஸ், செலவான தொகை. நான் பார்த்த பதில்களில் எல்லாம் இவைதான். செத்தவர் எத்தனை பேர் என்று ஒரு பத்தி கிடையாது. அவர்கள் யார், எந்தச் சாதி, ஆணா பெண்ணா, எந்த வேலை செய்யும்போது இறந்தார்கள் என்ற பேச்சே இல்லை.

அந்த அட்டவணையைக்கூட அரசு ஒழுங்காக நிரப்பவில்லை என்பது தனிக்கதை. தேசியப் பிரச்சாரக் குழு 2006இல் உச்ச நீதிமன்றம் போனது. 12 ஆண்டு கழித்து, 2018 மார்ச் 19இல் நீதியரசர்கள் மதன் லோகூர், தீபக் குப்தா அமர்வு தீர்ப்புச் சொன்னது. அதுவரை வசூலானது 37,400 கோடிக்கு மேல். செலவானது சுமார் 9,500 கோடி. மீதி 28,000 கோடி சும்மா கிடந்தது. செலவானதிலும் சலவை இயந்திரமும் மடிக்கணினியும் வாங்கிய கதைகள் வழக்கின் விசாரணையில் வெளிவந்தன. குடிசையில் தண்ணீர்க் குழாய் இல்லாதவருக்குச் சலவை இயந்திரம்! நாட்டில் நாலரைக் கோடிக்கு மேல் கட்டடத் தொழிலாளர் இருப்பதாக மதிப்பீடு. அப்போது பதிவானவர் 2.8 கோடி அளவில்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒன்றிய அரசே மாநிலங்களுக்கு எழுதியது: நிதியில் சுமார் 52,000 கோடி இருக்கிறது, பதிவு செய்த 3.5 கோடிப் பேரின் வங்கிக் கணக்கில் போடுங்கள் என்று. டெல்லி 5,000 ரூபாய் போட்டது. தமிழ்நாடு ஆயிரம் ஆயிரமாகப் போட்டது. நெடுஞ்சாலையில் நடந்துபோன லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேரிடம் வாரிய அட்டை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பதிவுக்கு முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். வாரத்துக்கு ஒரு மேஸ்திரி, மாதத்துக்கு ஓர் ஊர் என்று அலைகிறவருக்கு யார் சான்று எழுதித் தருவார்?

தொழிற்சங்கத் தோழர்கள் இதையெல்லாம் பல ஆண்டாகச் சொல்லிவருகிறார்கள். சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் அவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ‘28,000 கோடி எங்கே’ என்று கேட்டுக் கேட்டு, நாமும் அரசின் அட்டவணைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டோம். பணம் முழுதாகச் செலவாகிவிட்டால் இந்தச் சீர்திருத்தம் வெற்றி என்று ஒப்புக்கொள்வோமா? நாளைக்கே ஒவ்வொரு ரூபாயும் உரியவருக்குப் போய்ச் சேர்ந்தாலும், கட்டடத்தில் யார் எந்த வேலை செய்கிறார் என்பது ஓர் அங்குலம் நகராது.

கட்டடத்தில் எல்லாச் சாதியும்தானே வேலை செய்கிறது, ஏன் சாதியை இழுக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாச் சாதியும் இருக்கிறது, ஒரே படியில் இல்லை. கரணை பிடிக்கிறவர் யார், சட்டி தூக்குகிறவர் யார்? கொத்து வேலை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரப்படவில்லை. மேஸ்திரி தன் மகனுக்கு, மச்சானுக்கு, தன் தெருப் பையனுக்குக் கரணையைக் கையில் கொடுத்துப் பழக்குகிறார். அந்தத் தெரு எது என்பதில் சாதி உட்கார்ந்திருக்கிறது. பள்ளம் தோண்ட, இடிக்க, சுமக்க, தொட்டிக்குள் இறங்க ஆள் வேண்டுமென்றால் மட்டும் காலனிக்கு போன் வரும். எங்கள் ஆட்களில் கொத்தனார்கள் இல்லாமல் இல்லை. அவர்களில் பலர் பத்துப் பதினைந்து ஆண்டு கலவை சுமந்து, மதியம் மேஸ்திரி கண்ணயரும் நேரத்தில் கரணையைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்.

பெண்களுக்கு அந்த மதிய நேரமும் இல்லை. எங்கள் காலனியில் 20 வயதில் சித்தாளாகப் போய் 55 வயதில் சித்தாளாகவே திரும்பி வந்த அக்காக்கள் இருக்கிறார்கள். 35 ஆண்டில் ஒரு சுவரின் செங்குத்தைக் கண்ணாலேயே சொல்லத் தெரிந்துவிடும். இருந்தாலும் பெயர் சித்தாள், கூலி சித்தாள் கூலி, கழுத்து எலும்பு தேய்ந்தது மட்டும் பெரியாள் அளவுக்கு. பெண்ணால் முடியாது என்பது பொய். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்களுக்குக் கொத்து வேலை சொல்லிக்கொடுத்து வீடுகளையே கட்டவைத்தது. முடியும் என்று தெரிந்த பிறகும் 30 ஆண்டுகளாகச் ‘சித்தாள்’ என்பதை ஒரு தொழில் வகையாகவே எழுதிவைத்திருக்கிறோம்.

சாதி, வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாக அடுக்கிவைக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறையை நடத்தியபோது, மத்தியப் பொதுப்பணித் துறையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அரசாங்கமே ஒரு கட்டட முதலாளி என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர் அவர். ஆனால் நம் கட்டுமானச் சட்ட வரலாற்றில் அவர் பெயர் பெரும்பாலும் பிறந்தநாள் சுவரொட்டியில்தான் வருகிறது.

வீடு முடிந்ததும் நடப்பது உங்களுக்குத் தெரியும். பசுமாட்டைக் கூட்டிவந்து, ஹோமம் வளர்த்து, தீட்டுக் கழித்துக் குடி போவார்கள். அந்தச் சுவரின் ஒவ்வொரு செங்கல்லையும் சுமந்தவர் அதே வீட்டில் வாடகைக்குக் கேட்டால், ‘என்ன ஆளுங்க நீங்க’ என்பதுதான் முதல் கேள்வி.

வடக்கிலிருந்து வருகிறவர்களையும் இதில் சேர்த்தே பார்க்க வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் தொழிலாளர்களில் தலித்துகள், ஆதிவாசிகள், முஸ்லிம்கள் ஏராளம். அவர்களுடைய சாதி ரயிலேறிக் கூடவே வருகிறது. சாதிச் சான்றிதழின் உரிமை மட்டும் மாநில எல்லையில் இறங்கிவிடுகிறது. இடம்பெயர்ந்தவர் போன மாநிலத்தில் பட்டியல் சாதி ஒதுக்கீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே சொல்லிவிட்டது. ‘வடக்கன்’ என்று அவர்களைக் கேலி பேசும் மீம்களைப் பகிர்கிற நம் பையன்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். 2014 ஜூன் 28இல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். தமிழ்நாடு, ஆந்திரா, ஒடிசா என்று எல்லா மாநிலத்துக்காரர்களும் ஒரே இடிபாட்டுக்குள் கிடந்தார்கள். விசாரணை ஆணையம் அமைத்தார்கள். 2016 நவம்பரில் பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்ததைத் தொலைக்காட்சி நேரலையில் பார்த்தோம். அந்த 61 பேரில் எத்தனை பேருக்கு வாரிய அட்டை இருந்தது, எத்தனை பேர் நம் ஆட்கள் என்று யாராவது எண்ணிப் பொதுவில் வைத்தார்களா?

அதுவாவது 11 மாடி. கேமரா வந்தது. தொட்டிக்குத் திரும்புவோம்.

1996 சட்டம் 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தும். தனிநபர் தன் குடியிருப்புக்காக 10 லட்சத்துக்குள் கட்டும் வீடு அதில் வராது. 1998இன் மத்திய விதிகளில் இதே ஆபத்துக்கு விதி இருக்கிறது: தொட்டி போன்ற மூடிய இடத்தில் நச்சுக்காற்றோ ஆக்சிஜன் குறைவோ இருக்க வாய்ப்பிருந்தால், அதைச் சரிசெய்து, பாதுகாப்பானது என்று பொறுப்பான ஒருவர் உறுதி சொன்ன பிறகுதான் ஆள் இறங்கலாம். எழுதிவைத்தவர்களுக்கு ஆபத்து தெரிந்தே இருந்தது. அதே கையால் கோடு கிழித்து, அந்த விதி சின்ன வீட்டுக்கு வேண்டாம் என்றும் எழுதினார்கள். சென்ட்ரிங் பிரிக்க நாலு பேரை அனுப்பும் இடம் அந்தச் சின்ன வீடுதான்.

புதிய தொகுப்பு அந்தக் கோட்டை என்ன செய்தது? 10 லட்சத்தை 50 லட்சமாக உயர்த்தியது. 10 பேர் என்ற வரம்பு அப்படியே இருக்கிறது. ‘30 ஆண்டில் விலைவாசி ஏறிவிட்டது, அதனால்தான்’ என்பார்கள். சிமெண்டு விலை ஏறியது உண்மை. தொட்டிக்குள் காற்று கூடிவிட்டதா? உயிராபத்தை ரூபாயில் அளந்து, இத்தனை லட்சத்துக்குக் கீழே சாகலாம் என்று சொல்வதற்குப் பெயர் சீர்திருத்தமா?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு அலுவலர் வைக்க வேண்டிய வரம்பைக் கட்டுமானத்தில் 500 பேரிலிருந்து 250ஆகக் குறைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அது மெட்ரோ ரயிலுக்கும் அடுக்குமாடிக்கும். மற்றபடி செஸ் எவ்வளவு என்று முதலாளியே சுயமாக மதிப்பிட்டுக் கட்டலாம். ஆய்வாளரின் பெயரே ‘ஆய்வாளரும் உதவியாளரும்’ என்று மாறிவிட்டது. யாருக்கு உதவியாளர் என்று கேட்காதீர்கள்.

இன்னும் கசப்பானது இது. அரசே பணம் கொடுத்துக் கட்டவைக்கும் வீடுகள்கூட இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. ஊரகப் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம், கலைஞர் கனவு இல்லத்துக்கு 3.5 லட்சம். ‘பயனாளி தானே கட்டிக்கொள்கிறார்’ என்பதால் சட்டத்தின் கண்ணில் அங்கே முதலாளி இல்லை, தொழிலாளி இல்லை, பணியிடமும் இல்லை. ஊரகத் திட்டத்தில் தேசிய அளவில் 60 சதவீத இலக்கு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு. ஆக, வீட்டுக்காரரும் நம் ஆள், இறங்குகிறவரும் நம் ஆள். விபத்து நடந்தால் ஒரே தெருவில் இரண்டு வீட்டில் அழுகை. ஒரு தலித் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளும். அதனால்தான் ‘சின்ன வீட்டுக்காரரையும் சட்டத்துக்குள் கொண்டுவா’ என்று மட்டும் கேட்டால் போதாது. பணம் தருகிற அரசும், திட்ட அனுமதி தருகிற ஊராட்சியும் நகராட்சியும், வேலை எடுத்த ஒப்பந்தக்காரரும் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

செய்வதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. தொட்டி மூடியை அங்கேயே ஊற்றாமல், வெளியே வார்த்த பலகைகளாகக் கொண்டுவந்து அடுக்கினால் பிரிக்க சென்ட்ரிங்கே கிடையாது. ஆளும் இறங்க வேண்டாம். கட்டாயம் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, ஊதுகாற்றி வைத்துக் காற்றைப் புதுப்பித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்தி இறக்க வேண்டும். வரைபட அனுமதியில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க எந்தத் தொகுப்பும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.

இனி மாணவர்களுக்கு. நம்மிடம் கணக்கு இல்லை என்பதே நம் பலவீனம். அதைத் தொடங்குங்கள். இ-ஷ்ரம் தளத்தில் சமூகப் பிரிவு கேட்கிறார்கள். ஆகவே சாதியைப் பதிய முடியாது என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. உங்கள் மாவட்டத்தில் கடந்த 5 ஆண்டில் கட்டுமானப் பணியிட மரணத்துக்காக வாரியத்துக்கு வந்த மனுக்கள் எத்தனை, ஏற்றவை எத்தனை, தள்ளியவை எத்தனை, தள்ளிய காரணம் என்ன, இறந்தவரின் சமூகப் பிரிவும் செய்த வேலையும் என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பாதிக்கு ‘தகவல் பராமரிக்கப்படவில்லை’ என்று வரும். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அதுவும் ஆதாரம்தான். உள்ளூர்ச் செய்தித்தாள்களிலிருந்து தொட்டிச் சாவுகளைப் பட்டியலிட்டு, முதல் தகவல் அறிக்கையைப் பாருங்கள். முன்பு 304அ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106, அதாவது கவனக்குறைவால் மரணம் என்று மட்டும் பதிந்திருப்பார்கள். யார் இறங்கச் சொன்னது, ஏன் இந்த ஆளைக் கூப்பிட்டார்கள், இவர் வேறு எந்தெந்த வேலைக்கு வழக்கமாக அழைக்கப்படுவார் என்று அந்த வீட்டில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கேமராவை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

இதற்கிடையில் உங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்குத் தொட்டி மூடி போட்டிருப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பலகை பிரிக்க ஆள் வருவார். தொட்டியின் வாய் எத்தனை நாளாகத் திறந்து கிடக்கிறது, உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று எட்டிப் பாருங்கள். நின்றால் மேஸ்திரியிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் ‘உனக்கென்ன தம்பி’ என்பார். அங்கிருந்து நகராதீர்கள்.